காய் பறித்த பிறகு என்ன செய்வது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏற ஏறக் காய்கறி விலையும் ஏறுகிறது என்று செய்தி வரும்போதெல்லாம், வீட்டுத் தோட்டம் போடச் சொல்லி ஒரு கட்டுரையும் கூடவே நம் நாளிதழில் வந்து விடுகிறது. நல்ல விஷயம்தான். பை, மண், தென்னை நார்க்கழிவு, விதை என்று எல்லாம் விவரமாகவே இருக்கிறது. ஆனால் எல்லாக் கட்டுரையும் காய் பறிப்பதோடு நின்று விடுகிறது. என் அனுபவத்தில் வீட்டுத் தோட்டத்தில் காசு மிச்சமாவதும் வீணாவதும் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட்டுக்கும் குறைவான இடம். முதல் வருடம் மாசியில் வெண்டையும் சீனியவரையும் (மற்ற ஊர்களில் கொத்தவரங்காய் என்பார்கள்) போட்டோம். வெண்டை நாற்பத்தைந்து நாளில் பறிப்புக்கு வந்தது, சீனியவரை சித்திரை பிறந்ததும் காய்த்துத் தள்ளியது. நாலு பேர் இருக்கிற வீட்டில் தினமும் சீனியவரைப் பொரியல் வைத்தால் யார் சாப்பிடுவார்கள்? அக்கம்பக்கம் கொடுத்தது போக, ரெண்டு நாள் பறிக்காமல் விட்டதெல்லாம் நார் பாய்ந்து மாட்டுக்குத்தான் போனது. அதே வருடம் ஐப்பசி அடைமழையில், கடையில் வத்தல் பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கினேன். மனசு கேட்கவே இல்லை.

அடுத்த வருடம் அத்தை ஊரிலிருந்து வந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். சீனியவரையை முழுசாக உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் முக்கால் வேக்காடு வேகவிட்டு, தண்ணீர் வடித்து, மொட்டை மாடியில் பழைய வேட்டியில் பரப்ப வேண்டும். மூன்று நாளில் காய்ந்தது போலத் தெரியும், எடுத்து டப்பாவில் போடத் தோன்றும், போடக் கூடாது. நான் அப்படிப் போட்டுத்தான் ஒரு டப்பா முழுக்கப் பூசணம் பிடித்தது. கையில் எடுத்து ஒடித்தால் சடக்கென்று சத்தம் வர வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மோர் மிளகாய்க்கும் பொறுமைதான் வேண்டும்: காம்போடு கீறி உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயில், ராத்திரி திரும்ப அதே மோர் என்று மோர் முழுக்க மிளகாய்க்குள் இறங்கும் வரை செய்ய வேண்டும். கத்திரி வெயில் எல்லாருக்கும் கஷ்டம்தான், ஆனால் வத்தலுக்கு அந்த வெயிலை விட்டால் வேறு வெயில் கிடையாது.

சித்திரைக் காற்றில் உதிர்கிற பிஞ்சு மாங்காயைக் கூட்டிக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அதை நறுக்கி உப்புப் போட்டுக் காயவைத்தால் வருடம் முழுக்கக் குழம்பில் பாதிப் புளிக்கு அதுவே போதும். பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு, புடலங்காய்க்குள் இருக்கும் குடலும் துவையலுக்கு, முற்றிய வெண்டை அடுத்த பட்டத்துக்கு விதை. இதெல்லாம் நம் வீடுகளில் இருந்த பழக்கம்தானே.

தக்காளி பற்றியும் ஒரு வார்த்தை. ஆசைப்பட்டுப் பங்குனியில் நட்டுவிட்டு, பூவெல்லாம் உதிர்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்கிறார்கள். முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் வெயில் போனால் தக்காளிப் பூ பிடிப்பது கஷ்டம், அது நோய் இல்லை. எங்கள் விருதுநகர் வெயிலில் கோடைக்கு ஏற்றது சீனியவரை, வெண்டை, சுண்டை, தண்டங்கீரை மாதிரி வெயில் தாங்குகிறவைதான். தண்ணீருக்கும் நாங்கள் தனியாகக் குழாய் திறப்பதில்லை. அரிசி களைந்தது, காய் கழுவியது எல்லாம் ஒரு வாளியில் சேர்ந்து சாயங்காலம் செடிக்குப் போகிறது, அடியில் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டிருப்பதால் மறுநாள் மதியம் வரை விரலை விட்டுப் பார்த்தால் மண் குளுமையாகவே இருக்கிறது.

அதனால் இரண்டு கோரிக்கை. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தருகிற மாடித்தோட்டத் தளையில் (பை, விதை எல்லாம் சேர்ந்த தொகுப்பு), கோடைக்கென்று சீனியவரை, சுண்டை விதைகளும், வத்தல் போடும் முறையை அச்சடித்த ஒரு தாளும் வைக்கச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும். அப்புறம், உங்கள் நாளிதழிலேயே வாரம் ஒரு வத்தல், ஒரு வடகம் என்று ஊர் ஊராகப் பெரியவர்களிடம் கேட்டுப் போடுங்கள். வைகாசியில் போட்டால் பாதி வெயில் போயிருக்கும், மாசியிலேயே தொடங்கி விடுங்கள். முதல் வாரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் அத்தை சொல்லத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்.