ஸ்டார்ஷினா பத்தி உனக்கு ஒரு பாக்கி

மாப்ள,

நாலு மாசமா பதில் போடலன்னு கோவத்துல இருப்ப, நியாயம்தான். வீட்ல எல்லாரும் சவுக்கியம், அம்மாவுக்கு மட்டும் முட்டிவலி. மொட்டை வாத்தியார் பையன் கல்யாணத்துக்கு நீ வராம போனத நான் மறக்கல, அதை நேர்ல வச்சுக்கறேன்.

போன தடவை கேட்டியே, ரஷ்யக் கதைல வர்ற ஸ்டார்ஷினா ஆபீசரா சிப்பாயான்னு? நான் சட்டுனு சார்ஜென்ட் மாதிரின்னு சொல்லிட்டேன், அது தப்பில்ல ஆனா பாதிதான், அதுலேர்ந்து மனசு அரிச்சுக்கிட்டே இருக்கு. அந்த வார்த்தைக்கு மூத்தவன்னுதான்டா அர்த்தம். உக்ரைன்ல கோசாக்குகள்ங்கற போர்வீரர் கூட்டம் ஆண்ட காலத்துல ஸ்டார்ஷினான்னா பெரிய தலைங்க, நிலபுலன் வச்சிருந்த தளபதிங்க, 1785க்கு அப்புறம் அதுல நிறைய பேரை ரஷ்ய ராணி கேத்தரின் பிரபுக்கள் வரிசைலயே சேத்துட்டா. அதே பேரு 1935 செப்டம்பர்ல சோவியத் ராணுவமான செஞ்சேனைல திரும்பி வருது, ஆனா இப்ப ஆபீசருக்குக் கீழ, சார்ஜென்ட்டுக்கெல்லாம் மேல. ஜார் காலத்துல ஃபெல்ட்ஃபெபல்னு ஒருத்தர் கம்பெனிங்கற படைப்பிரிவ மேய்ச்சாரே, அவரோட வேலை. 1943ல சீருடை தோள்ல பதவியக் காட்டுற பட்டை வந்தப்ப ஸ்டார்ஷினாவுக்கு இங்கிலீஷ் T எழுத்து மாதிரி கோடு, பசங்க அதுக்கு வச்ச பேரு சுத்தியல்!

பூட்ஸ், சோப்பு, குளியல், காலுல சுத்துற துணி, ரொட்டி எல்லாம் அவர் பொறுப்பு. சாக்ஸுக்குப் பதிலா துணிடா, ஒரு மடிப்பு தப்பா விழுந்தா கால் புண்ணாகி நடக்க முடியாது, அதனால புதுப்பையன் கால அவரே குனிஞ்சு பாப்பாரு. நம்ம ஹாஸ்டல் வார்டன உனக்கு ஞாபகம் வருதா, திட்டிக்கிட்டே சோறு எடுத்து வச்சாரே, அப்படி.

1972ல பிரபோர்ஷிக்னு புதுசா ஒரு பதவிய மேல கொண்டு வந்து இவர ஒரு படி கீழ தள்ளிட்டாங்க. உக்ரைன் 2020ல ராணுவத்துல ஸ்டார்ஷினாங்கற பதவியவே எடுத்துடுச்சு. பல்கேரியால இன்னும் இருக்கு.

ஆனா என்னைத் தூங்க விடாதது இது இல்ல மாப்ள. ரெண்டாம் உலகப் போர்ல காலைல இத்தனை பேர்னு கணக்குக் குடுத்து சூப்பும் ஆளுக்கு 100 கிராம் வோட்காவும் வாங்கிட்டு, இருட்டுனப்புறம் ஸ்டார்ஷினா பதுங்குகுழிக்குத் தூக்கிட்டு வருவாரு. அதுக்குள்ள பாதிப்பேர் இருக்க மாட்டாங்க. அத்தனை பேருக்கும் வாங்குன சூப்பு கையில அப்படியே இருக்கும், மிச்சம் இருக்கறவனுக்கு அவர்தான் ஊத்தணும்.

தீபாவளிக்கு வா. உன் தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன் ரூம்மேட்