மென்பூச்சின் மின்சுமைக்கு ஒற்றை எண் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கதீட்டர் (உடலுக்குள் செலுத்தும் மருத்துவக் குழாய்) மீதான ஹைட்ரோஜெல் (நீரை உறிஞ்சி ஊறும் ஜெல்) பூச்சு பற்றிய தங்கள் கட்டுரை, அதன் மின்சுமையை ஒரே ஜீட்டா மதிப்பில் (பரப்பை ஒட்டி நீர் நகரத் தொடங்கும் இடத்து மின்னழுத்தம்) சொல்லி முடித்துவிட்டது. கண்ணாடிக்கு அது சரி, ஜெல்லுக்குப் பொருந்தாது. அளவீட்டிலிருந்து ஜீட்டாவைக் கணக்கிடும் ஸ்மோலுச்சோவ்ஸ்கி சமன்பாடு, சுவருக்குள் நீர் புகாது என்று வைத்துக்கொள்கிறது. ஜெல்லுக்குள்ளோ நீரும் அயனிகளும் புகுந்து ஓடுகின்றன.

அளக்கும் முறை எளிதுதான். பூச்சிட்ட இரு தகடுகளை 0.1 மி.மீ. இடைவெளியில் எதிரெதிரே பொருத்தி, பொட்டாசியம் குளோரைடு கரைசலை அழுத்தத்தில் செலுத்தி, வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனைகளில் எழும் மின்னோட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் உப்புச் செறிவை 1 மில்லிமோலாரோடு நிறுத்திவிடக் கூடாது. 100 வரை படிப்படியாக உயர்த்த வேண்டும். விறைப்பான பரப்பில் ஜீட்டா மதிப்பு பூஜ்யத்தை நெருங்கும். நீர் ஊடுருவும் ஜெல்லில் ஒரு கட்டத்துக்கு மேல் குறையாமல் நின்றுவிடும். இத்தகைய மென்பரப்புகளுக்கான ஓஷிமாவின் கோட்பாட்டின்படி, மின்சுமை அடர்த்தியும் நீர் ஊடுருவும் ஆழமும் அந்த எஞ்சிய மதிப்பில்தான் பொதிந்திருக்கின்றன.

பெரிய பிழை, பூச்சு ஊறுவதால் வருகிறது. உலர்ந்தபோது 100 மைக்ரான் வைத்த இடைவெளி, இருபுறமும் 5 மைக்ரான் பருத்தால் 90 ஆகிவிடும். மின்னோட்டம் சுமார் 10 சதவீதம் குறையும். நீரோட்டமோ 27 சதவீதம் சரியும். ஊறி நிலைத்தபின், நீரோட்ட அளவிலிருந்தே இடைவெளியை மறுபடி கணக்கிட வேண்டும். மின்னோட்டத்துக்குப் பதிலாக மின்னழுத்தத்தை மட்டும் அளந்தால், ஜெல்லின் அயனிகள் மின்சாரத்தைத் திருப்பிக் கடத்துவதால் மதிப்பு குறைத்தே காட்டும். பிஎச் (அமிலத்தன்மை அளவு) 3-க்குக் கீழே அமிலத்தின் அயனிச் செறிவே 1 மில்லிமோலாரைத் தாண்டிவிடும், எனவே கரைசலின் மொத்தச் செறிவு உப்பின் செறிவு மட்டுமல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

உப்புச் செறிவு, பிஎச், ஊறிய தடிமன் மூன்றையும் மதிப்புக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பாலிமர் பூச்சு ஆய்வாளர்கள்