அரைக்கட்டைக்கு ஒரு மன்னிப்பு

டேய் அரைக்கட்டை,

எட்டு மாசமாக உன் மெசேஜுக்குப் பதில் போடவில்லை, தெரியும், முதலில் திட்டி முடித்துவிடு. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே எல்லாரும் சுகம், என் முட்டியைத் தவிர. விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை, உன்னிடம் சொன்னால்தான் வரும்.

உன் காதில் ஒரு குறையும் இல்லை. 1984லும் இல்லை. அந்த ரெக்கார்டுதான் தப்பு.

எந்த ரெக்கார்டு என்று கேட்க மாட்டாய். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் இரண்டு சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கி, மழையில் உன் சட்டைக்குள் வைத்துத் தோ பாயோ வரை கொண்டுவந்தோமே, மைல்ஸ் டேவிஸின் அதே 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஜாஸ் ஆல்பம்தான். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. செங்காங் வீட்டுக்கு வந்ததிலிருந்து எல்பி எல்லாம் வீட்டோடு கட்டித் தந்த பாம் ஷெல்டர் அறைக்குள் குடியேறிவிட்டன. குண்டு விழுந்தால் நாம் வெளியே நிற்போம், உங்கள் ரெக்கார்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கும் என்று வீட்டுக்காரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். பத்திரமாவது ஒன்றாவது! காற்றோட்டம் குறைந்த அறை, நம் ஊர்ப் புழுக்கம் வேறு, போன மாசம் கதவைத் திறந்தால் பாதி அட்டைகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அன்றிலிருந்து தினமும் ராத்திரி பத்துப் பத்தாக எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுத் துடைத்து, துணி காயப்போடுகிற மாதிரி வரிசையாக நிற்கவைத்துக்கொண்டிருக்கிறேன். துடைத்ததைப் போட்டுக் கேட்காமல் உள்ளே வைக்க மனசு வருமா?

அப்படித்தான் சனிக்கிழமை இதைப் போட்டேன். சின்னவள் பக்கத்து அறையில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். போனில் இந்த ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஸோ வாட்' போட்டுக் கூடவே வாசித்துப் பழகியிருக்கிறாள், எனக்கே தெரியாது. நான் எல்பியைப் போட்டதும் அங்கிருந்தபடியே சேர்ந்து வாசிக்கப் பார்த்தாள். ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, கதவருகே வந்து நின்று, "அப்பா, உங்க ரெக்கார்டு ஷார்ப்பா ஓடுது" என்றாள், சுருதி ஏறி ஓடுகிறதாம்.

டர்ன்டேபிளைத்தான் சந்தேகப்பட்டேன், வேறு எதைச் சந்தேகப்படுவது. வேகம் பார்க்கிற கோடு போட்ட வட்டத்தை எடுத்து வைத்தால் வீட்டு எல்.இ.டி. வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதெல்லாம் பழைய டியூப்லைட் காலத்து வித்தை. சரி என்று மறுநாள் அடெல்ஃபி கடைத்தொகுதிக்குப் போய்ப் புது பெல்ட் வாங்கி வந்து மாட்டினேன். அப்படியேதான் இருந்தது. வெறுத்துப்போய்த் தட்டைத் திருப்பிப் போட்டேன்டா. இரண்டாம் பக்கத்து 'ஆல் ப்ளூஸ்'. அவளுடைய கீபோர்டோடு அச்சாகச் சேர்ந்தது.

முதல் பக்கம் சேரவில்லை, இரண்டாம் பக்கம் சேர்கிறது. டர்ன்டேபிளும் அதே, தட்டும் அதே. அப்போதுதான் எனக்கு உன் டிரம்பெட் ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது.

பெரியம்மா ஆர்மோனியத்தில் சுருதி சேர்த்துக்கொண்டுதான் நீ எப்போதும் ஆரம்பிப்பாய். 'ஸோ வாட்' கேட்டால், இது கரகரப்ரியாதானேடா, வெள்ளைக்காரனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அடுப்படியிலிருந்து பெரியம்மா குரல் வரும். நடுவில் எட்டு பார் அரைச்சுருதி ஏறும்போது, போச்சு, சறுக்கிட்டான் என்பார். முதல் பக்கம் ஓடினால் நீ சுருதியை ஏற்ற டிரம்பெட்டின் டியூனிங் ஸ்லைடை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பாய். பக்கம் திருப்பியதும் மறுபடி வெளியே இழுப்பாய். பக்கத்துக்குப் பக்கம் காது மாறுகிற ஒரே ஆள் நீதான் என்று நான் உனக்குப் பேர் வைத்தேன். 'உதடு இப்பத்தான்டா சூடாச்சு' என்று நீயும் ஏதோ சொல்லிச் சமாளித்தாய்.

உண்மை என்ன தெரியுமா? 1959 மார்ச் 2ஆம் தேதி, நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆவது தெரு ஸ்டூடியோ, முன்னாளில் தேவாலயமாக இருந்த கட்டடம். முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் அன்றைக்குத்தான் பதிவாயின. டேப் ஓடிய மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு வேகமாகும், சுருதி ஏறும். அரைச்சுருதிகூட இல்லை, அதில் ஒரு துண்டு. சும்மா கேட்பவனுக்கு உறைக்காது. கூட வாசிக்கிறவன்தான் மாட்டிக்கொள்வான். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22, அன்றைக்கு மெஷின் ஒழுங்கு. பாதுகாப்புக்காக இன்னொரு மெஷினிலும் டேப் ஓடியிருந்தது, அது சரியான வேகம். அந்த டேப்பை எடுத்து 1992இல்தான் திருத்தி வெளியிட்டார்கள். முப்பத்துமூன்று வருஷம் உலகமே மைல்ஸ் டேவிஸை ஏறின சுருதியில் கேட்டிருக்கிறது. தோ பாயோ வீவக அடுக்குமாடி வீட்டில் ஒரு பையன் மட்டும் ஸ்லைடைத் தள்ளித் தள்ளி அந்தத் தப்பை அளந்துகொண்டிருந்திருக்கிறான்.

இதில் என் அசிங்கம் வேறு. 89இல் முதல் சிடி பிளேயர் வாங்கி, அதே ஆல்பத்தை சிடியில் போட்டு உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தேனே! பெல்ட் கிடையாது, ஊசி கிடையாது, நொடிக்கு 44,100 தடவை அளந்து வைத்தது, இதுவும் ரெக்கார்டு மாதிரியேதான் சொல்கிறது, இப்போதாவது ஒத்துக்கொள் என்றேன். நீ ஒன்றும் பேசாமல் கோப்பியைக் குடித்துவிட்டுப் போனாய். அந்த சிடியும் அதே தப்பான டேப்பிலிருந்து வந்ததுதான். எல்பியாவது ஆடி அசைந்து தப்பு செய்தது. சிடி அதே தப்பை ஒரு மயிரிழை பிசகாமல் நகலெடுத்து வைத்திருந்தது, நான் அதைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினேன்.

பள்ளி பேண்டில் தனியாக வாசிக்கப் பேர் கொடுக்கப் போனபோது, 'வேணாம்டா, உனக்குச் சுருதி நிக்காது, மானம் போயிடும்' என்று சொன்னவன் நான். அடுத்த மாசம் நீ டிரம்பெட்டை 120 வெள்ளிக்கு விற்றாய். என்னால்தான் விற்றாய் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், பதில் எழுது.

ரொம்பவும் இளகிவிடாதே. ஸ்டீரியோவைவிட மோனோ உசத்தி என்கிற விஷயத்தில் நீ இன்றைக்கும் தப்புதான். உன் கண் ஆபரேஷன் என்றதும் வான் கெல்டர்தான் ஞாபகம் வந்தார், நீ சாமி மாதிரிக் கும்பிடுகிற ஆள். பகலில் ஜனங்களுக்குக் கண் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டு, ஹாக்கன்சாக்கில் அப்பா அம்மா வீட்டு ஹாலில் ப்ளூ நோட் ஜாஸ் ரெக்கார்டு கம்பெனிக்குப் பதிவு செய்த மனுஷன். ஓட்டை ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று வைத்திருந்த நீ மோனோதான் உசத்தி என்று சொல்லத்தானே செய்வாய்!

இப்போது எதைப் போட்டாலும் வேகத்தைச் சந்தேகப்படுகிற வியாதி வந்துவிட்டது. கீழ்மாடியில் ஒரு தாத்தா வீடு மாறும்போது நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய தட்டுகள் பதினொன்று கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்துக்கு மூன்று நிமிஷம், எல்லாம் அரக்கு, நம் ஊர்ப் பக்கத்து மரத்தில் பூச்சி வைத்த பிசினாகவும் இருக்கலாம். 78 என்று பேர்தானே தவிர, ஆரம்ப காலத்துத் தட்டுகள் எழுபது சொச்சத்திலிருந்து எண்பதைத் தாண்டியும் கண்டபடி ஓடியவை என்று இப்போதுதான் படித்தேன். போட்டுக் கேட்கவே பயமாக இருக்கிறது.

இன்னொன்று. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்வேன். திருத்திய 'ஸோ வாட்'டை அவள் போனில் நாலு தடவை கேட்டேன். எனக்கு ஒட்டவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்த மாதிரி கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது. நாற்பது வருஷம் தப்பில் ஊறின காது. ராத்திரி எல்லாரும் தூங்கினதும் பழைய தட்டைத்தான் மெல்ல வைத்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு வருகிறாய்தானே? மவுத்பீஸை நீ விற்கவில்லை, உன் மேசை டிராயரில் இருக்கிறது என்று உன் வீட்டில் என்றைக்கோ சொன்னது ஞாபகம் இருக்கிறது. பொய் சொல்லாமல் எடுத்து வா. சின்னவளின் சிநேகிதன் ஒருத்தனிடம் டிரம்பெட் இருக்கிறது, நாலு நாளைக்குக் கேட்டு வாங்கி வைக்கிறேன். முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

வரும்போது அங்கே ரெக்கார்டுக்கு உள்ளே போடுகிற பிளாஸ்டிக் உறை மலிவாகக் கிடைத்தால் ஒரு நூறு வாங்கி வா. காசு தருகிறேன்.

ஊசி