கடைசியில் வருபவரும் உட்கார வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளிர்காலமும் மூத்தோரும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வழுக்கி விழுவது, ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு என்று எழுதியிருந்ததெல்லாம் சரிதான். ஆனால் வயதானவர்கள் பனிமலைப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது என்று முடித்திருந்ததை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எனக்கு 71 வயது. பத்து நாளைக்கு முன்னால்தான் எங்கள் மூத்தோர் குழுவோடு மலையில் ஸ்னோஷூ நடை போய்விட்டு வந்தேன். மொத்தம் 12 பேர், எல்லோரிலும் மூத்தவருக்கு வயது 79.

ஸ்னோஷூ என்றதும் பனிச்சறுக்கு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். இதில் சறுக்குவதே கிடையாது, வெறும் நடைதான். சாதாரண பூட்ஸுக்கு அடியில் அகலமான ஒரு சட்டத்தை வாரால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறோம், உடம்பின் எடை அந்த அகலம் முழுக்கப் பரவுவதால் முழங்கால் வரை புதைய வேண்டிய இடத்தில் கால் கொஞ்சம்தான் இறங்கும். முன்பாதத்துக்கு அடியில் இரும்புப் பற்கள் இருக்கும், அவை இறுகிய பனியைக் கவ்விக்கொள்ளும். குதிகால் கட்டப்படாமல் எழும்பி எழும்பித் தாழும். ஏற்றத்தில் குதிகாலுக்குக் கீழே ஒரு கம்பியை நிமிர்த்தி வைத்துக்கொண்டால் கெண்டைக்கால் நரம்பு இழுக்காது, எங்கள் வயதுக்கு அந்தச் சின்னக் கம்பி பெரிய உபகாரம். பின்பக்கமாக மட்டும் நடக்கக் கூடாது, சட்டத்தின் வால் பனியில் குத்தி ஆளைச் சாய்த்துவிடும். திரும்ப வேண்டுமென்றால் சின்ன வட்டமாக அடி எடுத்து வைத்துத்தான் திரும்ப வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு குழுவோடு போனபோது நடந்ததைச் சொன்னால்தான் நான் எழுத வந்தது புரியும். அன்றைக்கு நான்தான் கடைசி ஆள். முன்னால் போனவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று காத்திருந்தார்கள், அதில் குறையில்லை, ஆனால் நான் போய்ச் சேர்ந்ததும் "சரி, எல்லோரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்குப் பத்து நிமிஷ ஓய்வு, எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறக்கக்கூட நேரமில்லை. மூன்றாவது நிறுத்தத்தில் கால் நடுங்கியது, நான்காவதில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். இறங்கும்போது மலையின் நிழல் விழுந்து குளிர் ஏறிவிட்டது. அன்று இரவு முழுக்க, இனி இதெல்லாம் நமக்கு வேண்டாம், வயசாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், வயது அல்ல, ஓய்வு கிடைக்காததுதான் காரணம்.

அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதும் இப்போது தெரிகிறது. ஏற்றத்தில் வியர்த்த உடம்போடு நின்றால் சில நிமிஷத்தில் குளிர் எடுக்கும், அதனால் காத்திருப்பவர்களுக்கு எப்போது கிளம்புவோம் என்று இருக்கும். இந்தச் சிக்கலை எங்கள் இப்போதைய குழுவை அழைத்துப் போன வழிகாட்டி அம்மா எவ்வளவு எளிதாகத் தீர்த்தார் தெரியுமா? மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விடாமல் முன்னால் கொண்டுவந்துவிட்டார், அவ்வளவுதான். புதுப்பனியில் முதல் ஆளும் இரண்டாம் ஆளும் மிதித்துத் தடம் போட வேண்டும், அதுதான் அதிக உழைப்பு, அதனால் பலமுள்ளவர்கள் முறை மாற்றி அந்த இரண்டு இடத்தில் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஓரளவு மிதிபட்டு இறுகிய தடத்தில் 79 வயதுக்காரரும் நானும். எங்கள் மூச்சுக்கு ஏற்றபடிதான் முழு வரிசையும் நகர்ந்தது. வால் பக்கம் அனுபவமுள்ள ஒருவர் வந்தார், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கவில்லை. நின்றால் எல்லோரும் ஒன்றாக நின்றோம், நின்ற கையோடு வழிகாட்டி மேல் ஜாக்கெட்டைப் போடச் சொல்வார், தாகம் இருக்கிறதோ இல்லையோ தண்ணீர் குடிக்கச் சொல்வார். வயதாக ஆகத் தாகம் சரியாகத் தெரிவதில்லை, குளிரில் இன்னும் தெரியாது, அதனால் அவர் சொல்லிச் சொல்லிக் குடிக்கவைத்தது நல்லதாகப் போயிற்று.

புறப்படும் முன்பே விழுந்தால் எழுவதற்குப் பழக்கினார், சமதளப் பனியில் ஒவ்வொருவரையும் வேண்டுமென்றே உட்காரவைத்து. பக்கவாட்டில் புரண்டு, முழங்காலில் வந்து, இரண்டு ஊன்றுகோலையும் பனிமேல் குறுக்காகப் படுக்கவைத்து அதன்மேல் கையை அழுத்தி எழ வேண்டும். வெறும் கையை ஊன்றினால் தோள் வரை உள்ளே போய்விடும். 79 வயதுக்காரர் மூன்றாவது தடவை தானே எழுந்து கையுறையிலிருந்த பனியைத் தட்டிவிட்டுக்கொண்டபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்கப்புறம் அவர் நடையில் பயமே இல்லை.

பனிச்சரிவு ஆபத்தையும் கட்டுரையில் தொட்டிருந்தார்கள். அது உண்மையான ஆபத்துதான். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த மலைப்பக்கங்களில்தான் கிளம்புகின்றன. நாம் நடப்பது சமதளம் என்றாலும் தலைக்கு மேலே அப்படிச் சாய்ந்த மலைப்பக்கம் இருந்தால் அதுவும் கணக்கில் சேரும், இது பலருக்குத் தெரியாது. அன்றன்றைக்கு வெளியாகும் ஆபத்து அளவு 1 முதல் 5 வரை இருக்கும். வழிகாட்டி காலையில் அதைப் பார்த்துவிட்டு, நாங்கள் முதலில் போவதாக இருந்த பாதையை விட்டு, செங்குத்துச் சரிவு எதுவும் பக்கத்தில் இல்லாத மரக்காட்டுப் பாதைக்கு மாற்றினார். எந்த நேரத்துக்குத் திரும்புவது என்பதும் முன்கூட்டியே பேசி வைத்தது, அந்த நேரம் வந்ததும் உச்சிமேடு கண்ணுக்கெதிரே இருந்தும் திரும்பிவிட்டோம், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

ஏற்பாடு செய்பவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். அழைப்பில் "எளிய நடை" என்று மட்டும் போடாதீர்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை நிறுத்தம், எத்தனை மணிக்குத் திரும்புவது, பாதி வழியில் முடியாதவரோடு யார் இறங்குவார் என்று எழுதுங்கள். சாலையில் ஒரு மணி நேரத்தில் நடக்கும் தூரத்துக்குப் பனியில் இரண்டு மணி நேரம் ஆகலாம், புதுப்பனி என்றால் அதற்கும் மேல். இதையெல்லாம் பார்த்தால் வரலாமா வேண்டாமா என்று நாங்களே மருத்துவரைக் கேட்டு முடிவு செய்துகொள்வோம்.

அடுத்த முறை இப்படியொரு கட்டுரை வரும்போது, மருத்துவரோடு கூட மூத்தவர்களை மலைக்கு அழைத்துப்போகும் வழிகாட்டி ஒருவரிடமும் பேசி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மூத்தோர் நடைக்குழு வாசகி ஒருவர்