கார்டு இருக்கு, ஓட்டு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகல், வருமானச் சான்று என்று ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்பேன். உள்ளாட்சித் தேர்தல் பேச்சு கிளம்பினால் சுற்றுப்பட்டு கிராமத்து ஜனங்கள் ஓட்டு விஷயமாகவும் வருவார்கள். வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று கேட்டால், லேமினேஷன் போட்ட வாக்காளர் அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்து, "கார்டுதான் இருக்கேண்ணே, அப்புறம் என்ன?" என்கிறார்கள்.

அப்படி நம்பித்தான் எங்கள் அத்தையும் 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றது. முன்னால் போனவர்கள் கையில் வெள்ளை, ரோஸ், பச்சை, மஞ்சள் என்று நாலு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. அத்தை முறை வந்ததும் சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டியது. அலுவலர் பட்டியலை இரண்டு தடவை புரட்டிவிட்டு, "பேர் இல்லையேம்மா" என்றார். "போட்டோ நான்தானே, ஊரும் இதுதானே" என்று அத்தை திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. மகள் பிரசவத்துக்காகத் திருப்பூரில் எட்டு மாதம் இருந்ததை வைத்து, குடிபெயர்ந்துவிட்டார் என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பேரை வெட்டிவிட்டார்கள். அப்படி வெட்டும் முன்னால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரியப்படுத்தி விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அத்தைக்கு ஒரு தகவலும் வரவில்லை.

ஆகவே ஜனங்கள் புரிந்துகொள்ள வேண்டியது, அட்டை என்பது ஆளைக் காட்டத்தான், ஓட்டு பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியலில் பேர் இருந்து அட்டை மட்டும் தொலைந்துபோனவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவதையும் பார்க்கிறேன், அது அதைவிட வருத்தம். ஆதார், போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, டிரைவிங் லைசென்ஸ், இதில் ஒன்றைக் காட்டி ஓட்டுப் போட முந்தைய தேர்தல்களில் அனுமதித்திருக்கிறார்கள். பூத் சிலிப்பை மட்டும் நம்பிப் போகக் கூடாது, அது அடையாள ஆவணம் ஆகாது.

இன்னொன்று, உள்ளாட்சிக்குத் தனியாகப் பேர் சேர்ப்பது கிடையாது. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலைத்தான் மாநிலத் தேர்தல் ஆணையம் வாங்கி வார்டு வார்டாகப் பிரிக்கிறது. அங்கே விட்டுப்போனால் இங்கேயும் போச்சு. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறியிருந்தாலோ பேர், வயசு தப்பாக இருந்தாலோ படிவம் 8. 18 வயது முடிந்த பிள்ளைகள் அடுத்த ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நாலு முதல் தேதிகளையும் கணக்கில் எடுக்கிறார்கள்.

கொஞ்சம் கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் சொந்தக்காரர்களே கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. மதுரையில் வீடு கட்டிக் குடியேறி அங்கே ஒரு ஓட்டு வைத்துக்கொண்டு, "ஊர்லயும் ஒண்ணு இருக்கட்டும்" என்கிறவர்கள் ஏராளம். ஊர் விட்டுப் போகக் கூடாது என்கிற பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருத்தர் பேர் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது, ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் அங்கே ஓட்டு வைத்துக்கொள்ளப் போதாது, வழக்கமாகக் குடியிருக்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. வார்டு உறுப்பினர் தேர்தலில் ஒரு குடும்பத்து ஓட்டு முடிவையே மாற்றிவிடும். தேர்தலன்றைக்கு வேனில் வந்து இறங்கிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள், தண்ணீர்த் தொட்டி நிறையாத தெருவில் அடுத்த ஐந்து வருஷம் குடியிருக்கப் போவதில்லை.

எங்கள் தாலுகாவில்தான் மேலவளவு இருக்கிறது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு அங்கே ஊராட்சித் தலைவரான முருகேசனை, தலித் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்ததைப் பொறுக்காமல் 1997இல் வெட்டிக் கொன்றார்கள். ஊராட்சி ஓட்டை யாராவது சின்ன ஓட்டு என்று சொன்னால் எனக்குத் தாங்காது.

எங்கள் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துபோனது. தேர்தல் எப்போது வந்தாலும் சரி, அதற்கு முந்தைய கிராம சபைக் கூட்டத்திலேயே வார்டு பட்டியலைப் பேர் பேராக வாசிக்க வேண்டும், ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டியலில் இருக்கிறவர்கள்தான் கிராம சபைக்கே உறுப்பினர்கள், அங்கே வாசிப்பதுதான் முறை.

அத்தைக்கு என் கடையிலேயே படிவம் 6 போட்டு மறுபடி பேர் ஏற்றிவிட்டோம். தன் பேர் இருக்கிற பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அட்டையோடு சுருக்குப்பையில் வைத்திருக்கிறது. நீங்கள் இந்த விவரங்களை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால், பெரிதாக ஜெராக்ஸ் எடுத்துக் கடை வாசலில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
மேலூர், மதுரை மாவட்டம்.