பக்திக் குடும்பங்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமைதோறும் எந்தப் படம் பார்க்கலாம், எந்தத் தொடர் பார்க்கலாம் என்று அரைப் பக்கம் போடுகிறீர்கள். விடாமல் படிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பாதி கொலை, மீதி பேய். சாமி கும்பிடுகிற வீட்டில் பாட்டியும் பேரனும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கவோ, கேட்கவோ, வாசிக்கவோ என்ன இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது.

நான் சோழவந்தானில் மைக்செட் தொழில் செய்கிறேன். அப்பா காலத்தில் இசைத்தட்டு, அப்புறம் கேசட், இப்போது பென் டிரைவ். மாரியம்மன் திருவிழா, சர்ச் பண்டிகை, தர்கா சந்தனக்கூடு எல்லாவற்றுக்கும் கட்டுகிறோம். விசேஷம் முடிந்து ஒயரைச் சுருட்டும்போது யாராவது ஒரு அம்மா வந்து நிற்பார். "தம்பி, காலையில போட்டீங்களே ஒரு பாட்டு, அதை என் போன்ல ஏத்தி விடுங்க. பிள்ளைகளுக்கு வேற என்ன கேட்கக் குடுக்கலாம்?" பத்திரிகை சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டுக்கு என் அளவுகோல் ஒன்றுதான். பாக்ஸிலிருந்து நாலு வீடு தள்ளி நின்றாலும் வார்த்தை புரிய வேண்டும். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்துக்கு அதில் முதல் மார்க். சுமார் 20 நிமிடம். ஓட்டமாகப் பாடினாலும் ஓர் எழுத்தை விழுங்க மாட்டார்கள். தினமும் காலையில் கேட்கிற பிள்ளை, புத்தகம் இல்லாமலே சொல்ல ஆரம்பித்துவிடும். போன வருஷம் ஒரு விழாக் கமிட்டியார் புதுசு என்று ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தார்கள். அதே கவசம்தான், டிரம்ஸை ஏற்றி எட்டு நிமிடத்தில் முடித்திருக்கிறார்கள். 'காக்க காக்க' வரிசையில் பாதி உடம்பைக் காணோம். முதுகைக் காக்க ஆள் உண்டு, முழங்காலுக்கு இல்லை!

டி.எம்.எஸ். நம்ம மதுரையில் 1922-ல் பிறந்தவர். அவருடைய முருகன் பாடல்களைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 'உள்ளம் உருகுதய்யா' பாட்டை எழுதியவர் ஆண்டவன் பிச்சை என்ற அம்மையார் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? ஆடி மாதம் முழுக்க ஊரெல்லாம் 'செல்லாத்தா' பாடுகிற எல்.ஆர்.ஈஸ்வரியின் முழுப்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. நாகூர் ஹனிபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டை என்னிடம் கேட்டு வாங்கிப் போகிறவர்களில் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்களும் உண்டு. எச்.ஏ.கிருஷ்ணப் பிள்ளையின் 'சத்தாய் நிஷ்களமாய்' சர்ச்சில் ஓடினால், வாசலோடு போகிற பெரியவர் 'எந்தப் பதிகம் இது?' என்று நிற்பார். ஒரு வரித் தகவலாக இவற்றைச் சேர்த்துப் போட்டால் வீட்டில் பேச்சு வளரும்.

மதுரை தந்த இன்னொரு குரல் எம்.எஸ்.சுப்புலட்சுமி. 'குறையொன்றும் இல்லை' அவர் பாடியது, எழுதியது ராஜாஜி. அந்த ராஜாஜி ராமாயணத்தை உரைநடையில் எழுதிய 'சக்கரவர்த்தித் திருமகன்' வீட்டில் உரக்க வாசிக்கத் தோதான புத்தகம். அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் ஒன்று முடிந்துவிடும். 1958-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நூல். நடையோ எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரிகிறது.

நபிகள் நாயகத்தின் வரலாறு சொல்லும் உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 பாட்டு, சூசையப்பர் கதை சொல்லும் வீரமாமுனிவரின் தேம்பாவணி 3615 பாட்டு. செய்யுளாக வீட்டில் வைத்து வாசிப்பது லேசில்லை. உரைநடைச் சுருக்கம் போதும். எந்தச் சுருக்கம் கதையைக் கெடுக்காமல் இருக்கிறது என்று படித்துப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அதை மைக்செட்காரன் செய்ய முடியாது, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

படம் என்றால் நான் முதலில் கைகாட்டுவது 1965-ல் வந்த ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்'. நாகேஷைப் பார்த்துச் சிரிக்காத குழந்தையை நான் கண்டதில்லை. தருமி கதை, விறகு விற்ற கதை, வலை வீசிய கதை எல்லாம் பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களில் உள்ளவை, வலை வீசியது கடற்கரையில் என்றாலும் மற்றவை நடந்த இடம் நம் மதுரை. அடுத்த வாரம் பிள்ளையை மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப்போய், கல் யானைக்குக் கரும்பு கொடுத்த சித்தர் சன்னதியைக் காட்டலாம். ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்புக்குப் போனால் மண் சுமந்த கதையையும் அங்கேயே சொல்லிவிடலாம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த வசதி ஏது?

தொடர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1987-ல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் இராமாயணம் இந்தியில் ஓடியபோது, மொழி புரியாமலே எங்கள் தெரு ஞாயிறு காலையில் அடங்கிக் கிடந்தது. இப்போது வருகிற புராணத் தொடர்கள் சில, மாமியார் மருமகள் சண்டைக்குக் கிரீடம் வைத்தது போலிருக்கின்றன. அதற்குக் கிருபானந்த வாரியாரின் பழைய சொற்பொழிவுப் பதிவு ஒன்றைப் போட்டுவிட்டுப் பாயில் சாய்ந்துகொள்ளலாம். அப்பா அவருக்கு மைக் கட்டியிருக்கிறார். ஸ்டாண்டைச் சரிசெய்து கொடுத்துவிட்டால் போதுமாம், வால்யூமில் கையே வைக்க வேண்டாமாம்.

பத்தி ஆரம்பித்தால் மூன்று விவரம் கட்டாயம் போடுங்கள்: யார் குரல், எத்தனை நிமிடம், முழுசா வெட்டினதா. வயதையும் குறிப்பிடுங்கள். பக்திப் படம் என்பதற்காக எல்லா வயதுக்கும் ஆகிவிடாது. தூணைப் பிளந்து நரசிம்மர் வருகிற காட்சியைப் பார்த்துவிட்டு என் தங்கை மகன் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, வீட்டில் வேறு நாலு தூண்.

ஆடி பிறப்பதற்குள் தொடங்கினால் எனக்கும் சௌகரியம். அப்போதுதான் தினமும் ஓர் ஊரில் வேலை. என்ன போடலாம் என்று கேட்கிற கமிட்டிக்காரர்களிடம் உங்கள் பக்கத்தையே நீட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
மைக்செட்காரர்,
சோழவந்தான்.