பழுதுக் கடிதம் பிளம்பருக்குப் புரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாடகை வீட்டுப் பழுதுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள் என்று சொன்னது சரிதான், ஆனால் என்ன எழுதுவது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் உரிமையாளர்கள் சார்பில் கட்டடப் பராமரிப்பு பார்க்கிறவன். குடியிருப்பவர்களின் கடிதம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். வீட்டுக்காரர் பல நேரம் முழுதாகப் படிக்காமலே "இதைப் பாருங்க" என்று தள்ளிவிட்டுவிடுவார். அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கடிதத்தை வைத்து வேலை செய்யப்போவது ஒரு பிளம்பரோ கொத்தனாரோ எலக்ட்ரீஷியனோ. அவருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

வருகிறவற்றில் பெரும்பாலானவை எப்படி இருக்கும் என்றால், "பாத்ரூம் பக்கம் ஒரே தண்ணீர், எத்தனை தடவை சொல்றது, மனுஷன் இருக்க முடியுமா". கோபம் நியாயமானது, நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு எந்தக் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆள் ஒருமுறை வெறுமனே வந்து பார்த்துவிட்டுப் போவார், சாமான் வாங்க ஒருமுறை, வேலைக்கு ஒருமுறை, இப்படியே நாள் ஓடிவிடும்.

மேலே தளத்தில் ஈரம் தெரிகிறதா? அது மழை பெய்தால் மட்டும் வருகிறதா, மேல் வீட்டில் குளித்தால் மட்டும் வருகிறதா, எந்நேரமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுதுங்கள். இந்த ஒரு தகவல் பாதி வேலையை முடித்துவிடும். மழைக்கு மட்டும் என்றால் மொட்டை மாடி அல்லது வெளிச்சுவர். குளிக்கும்போது மட்டும் என்றால் கழிவுநீர்க் குழாய் ஜாயின்ட் அல்லது பாத்ரூம் தரை. எந்நேரமும் என்றால் பெரும்பாலும் அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாய். சுவரின் அடியிலிருந்து இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்துக் கிடந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதமாக இருக்கலாம், அதற்குக் குழாயை உடைத்துப் பார்த்து என்ன பயன்? தண்ணீர் மெல்ல வருகிறது என்றால் எல்லாக் குழாயிலுமா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் அநேகமாக முனையில் இருக்கும் வலையில் அடைப்பு, அதை நீங்களே கழற்றிக் கழுவிவிடலாம், கடிதமே வேண்டாம். மின்சாரம் ட்ரிப் ஆகிறது என்றால் எதைப் போட்டதும் ஆகிறது என்று எழுதுங்கள்.

இன்னொரு சின்ன உபாயம். ஈரக்கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, படம் எடுத்து அனுப்புங்கள். கிட்டே ஒன்று, அறை முழுதும் தெரிய தள்ளி நின்று ஒன்று. அடுத்த வாரம் கறை கோட்டைத் தாண்டியிருந்தால் அதையும் எடுங்கள். "அது பழைய கறைங்க" என்கிற பேச்சு அதோடு நின்றுவிடும், பெயின்ட் அடித்து மூடிவிடலாம் என்ற யோசனையும்தான்.

எல்லாக் குறையையும் ஒரே கடிதத்தில் கொட்டுவது பலருக்குப் பழக்கம். குழாய் சொட்டுகிறது, கதவுத் தாழ்ப்பாள் இறங்கிவிட்டது, சமையலறை சீலிங்கில் காரை விழுந்து கம்பி தெரிகிறது, ஜன்னல் வலை கிழிந்துவிட்டது. வீட்டுக்காரர் தாழ்ப்பாளையும் வலையையும் மாற்றிவிட்டு "செய்து கொடுத்தாச்சே" என்பார், மனதாரவே சொல்வார். ஆனால் இந்தப் பட்டியலில் ஆபத்தானது அந்தக் கம்பி. துருப்பிடித்த கம்பி பருத்து, சுற்றியிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது, அடுத்து விழுவது எவ்வளவு பெரிய துண்டு என்று சொல்ல முடியாது. அதற்குத் தனிக் கடிதம் போடுங்கள். ஷாக் அடிப்பது, எரிவாயு வாடை இரண்டும் கடிதத்துக்குக் காத்திருக்கிற விஷயமே இல்லை, இணைப்பை மூடிவிட்டு உடனே போன் செய்யுங்கள், அப்புறம் எழுதலாம். ஈரமும் ரொம்ப நாள் காத்திருக்காது. நனைந்த இடம் ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும்.

போனில் சொன்னால் போதாதா என்று கேட்கிறவர்கள் சட்டத்தைப் பார்க்கலாம். இந்தியாவின் 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108-ஆவது பிரிவின்படி, தான் செய்தாக வேண்டிய பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் உரிமையாளர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாத வரையில். கணக்கே அறிவிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. ஜெர்மனியில் இன்னும் கறார்: பழுதைக் கண்டும் உடனே சொல்லாமல் விட்டு, அதனால் சேதமானால் குடியிருப்பவர்தான் பொறுப்பு. அதற்காக முதல் கடிதத்திலேயே "வாடகை தர மாட்டேன்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த வரி வந்த நிமிடமே பேச்சு குழாயை விட்டு வாடகைக்குத் தாவிவிடும், குழாய் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். கழிப்பதானால் உங்கள் ஒப்பந்தத்தையும் உங்கள் ஊர் வாடகைச் சட்டத்தையும் படித்துவிட்டு, பில்லோடு செய்யுங்கள். போனில் பேசினாலும் பரவாயில்லை, பேசி முடித்ததும் "வியாழக்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள்" என்று ஒரு வரி டைப் செய்து அனுப்பிவிடுங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், ஆறு மாதம் கழித்து அதைத் தேடி யார் கேட்பது?

எனக்கு வந்தால் சந்தோஷப்படும் கடிதம் இவ்வளவுதான்: "படுக்கையறை வடக்குச் சுவரில் ஜன்னலுக்கு மேலே, 3-ஆம் தேதி மழைக்குப் பிறகு ஈரம் தெரிகிறது, வெயில் அடித்தால் காய்கிறது. பக்கத்தில் ஸ்விட்ச் போர்டு இருப்பதால் அதைப் பயன்படுத்தவில்லை. படங்கள் இணைத்துள்ளேன். இந்த வாரத்துக்குள் ஆள் அனுப்பவும். மாலை 5 மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்."

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "பார்க்கலாம்" என்பது பதில் இல்லை. யார் வருவார், எந்த நாள் வருவார் என்று எழுதுங்கள், வர முடியாமல் போனால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், லீவு போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பவரிடம் திட்டு வாங்குவது நாங்கள்தான்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்பு பார்க்கும் ஒரு வாசகர்